ஹேவாஹெட்ட ரோட்டு வெள்ளைக் கொடிகள்

போன வாரம் அக்கா மகளை டியூஷனில் விடப் போகும்போது, எங்கள் தெருமுனையில் சடாரென்று பிரேக் போட்டுவிட்டேன். பின்னால் வந்தவர் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார். தெருவின் குறுக்கே கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டி, வெள்ளைத் துணித் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பையன்கள் கிரிக்கெட் போட்டி நடத்துகிறார்களாம். திருப்பூரில் தோரணத்துக்குக் காசு கொடுத்து யார் கலர் காகிதம் வாங்குவார்கள்? எந்த பனியன் கம்பெனி வாசலில் போய் நின்றாலும் ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் கிடைத்துவிடும். "என்னாச்சு சித்தி?" என்று குட்டி முதுகில் தட்டியது. ஒன்றுமில்லை என்றேன்.

வெள்ளைத் துணி வரிசையாக ஆடினால் என் கை தானாக பிரேக்குக்குப் போய்விடும். கண்டியில் இருந்தபோது பிடித்த வியாதி இது. அதற்கு முன்னால் துணி என்றால் எனக்குத் தொழில், அவ்வளவுதான். துணித் தரம் பார்க்கிற வேலை செய்கிறவளுக்கு வேறு ஒரு வியாதி உண்டு. எந்தத் துணியைக் கண்டாலும் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது. சித்தப்பா மகள் கல்யாணத்தில் மேடை ஏறி, மணப்பெண்ணின் முந்தானையை இழுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் கிள்ளு வாங்கியிருக்கிறேன்.

அந்த வேலைதான் என்னைக் கண்டிக்குப் பக்கத்துப் பல்லேகலைக்குக் கொண்டுபோனது. எங்கள் முதலாளிக்கு அங்கே ஒரு ஃபேக்டரியில் பங்கு இருந்தது. துணி பார்க்க ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார். நாடு விட்டு நாடு போகிறாளே என்று அம்மா ஒரு வாரம் அழுதாள். விமானத்தில் கொடுத்த ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் கொழும்பில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து கண்டிக்குப் போக ஆன நேரம்தான் அதிகம். நம்ம பாஷை பேசுகிற ஊர்தானே என்று தைரியமாகப் போனேன். முதல் நாளே கடையில் நாற்காலி கேட்டு, 'கதிரையா?' என்று அவர்கள் திருப்பிக் கேட்க, முழித்துக்கொண்டு நின்றேன்.

குண்டசாலையில் ஒரு வீட்டு மாடியில் போர்டிங். அறைத்தோழி தர்சினி. யாழ்ப்பாணத்துப் பெண், எங்கள் ஃபேக்டரியிலேயே கணக்குப் பிரிவில் இருந்தாள். நான் "சாப்ட்டாச்சுங்களா" என்று கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் 'ஓம்' என்று சொன்னால் எனக்கு மந்திரம் சொல்வது போல இருக்கும். இரண்டு பேரும் ஒருவர் தமிழை ஒருவர் கிண்டல் செய்தே சிநேகிதம் ஆனோம்.

இன்னொரு சிநேகிதம் யோகன். கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். ஊர் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். என்னை விட ஒரு வயது மூத்தவன், ஆனாலும் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவான். நான் கழித்துக் கட்டுகிற துணியில் வெள்ளைத் துண்டாக இருந்தால், மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஒரு பை எடுத்துக்கொள்வான். எதற்கு என்று கேட்டேன். "அப்பாவுக்கு வேணும் மிஸ்" என்றான். வண்டி துடைப்பார் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒருமுறை ஒரு லாட் முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் மெல்லிசாக மஞ்சள் எண்ணெய்க் கோடு. பின்னல் மெஷின் ஊசி கக்கிய எண்ணெய். மேனேஜரோடு சண்டை போட்டு அதை ரிஜெக்ட் பண்ணினேன். யோகனுக்கு அன்றைக்கு நல்ல வேட்டை.

தர்சினிக்கும் யோகனுக்கும் இருந்த விஷயம் எனக்குத் தெரிய வந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். துணியில் நூலிழைக் குறை கண்டுபிடிக்கிற கண்ணுக்குப் பக்கத்துக் கட்டிலில் நடப்பது தெரியவில்லை. அவளே சொன்னாள். யோகனின் அப்பா சம்மதிக்கவில்லை என்றும் சொன்னாள். மாதக்கணக்காக மகனோடு பேச்சே இல்லை. யோகன் போன் பண்ணினால், அவர் எடுத்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். பொண்ணு யாழ்ப்பாணம் என்பதுதான் அவருக்கு ஆகவில்லை.

"அவரைச் சின்ன வயசில எங்கட பக்கம் ஒரு வீட்டில வேலைக்கு விட்டவையாம் அக்கா. பின்வாசல்ல இருத்தி, தனிப் பேணியிலதான் தேத்தண்ணி குடுக்கிறவையாம்" என்றாள் தர்சினி. பேணி என்றால் தகரக் குவளை. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எங்கள் ஊர் டீக்கடைகளின் சங்கதி எனக்கு மட்டும் தெரியாதா?

ஒரு நாள் யோகன் முகமெல்லாம் பல்லாக வந்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டாராம் அப்பா. சொன்னது அம்மா மூலமாகத்தான், இருந்தாலும் சொல்லிவிட்டார். தனியாக ஒரு பெண்ணைக் கூட்டிப் போனால் லயத்தில் பேச்சாகிவிடும். அந்த நீள வரிசை வீடுகளில் ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். அதனால் இந்தியாவிலிருந்து வந்த மிஸ் தோட்டம் பார்க்க வருகிறார்கள், கூடத் துணைக்கு ஒரு சிநேகிதி என்று ஏற்பாடு. நான் ஒப்புக்குச் சப்பாணி. தேயிலைத் தோட்டமும் பார்த்தது போலாயிற்று என்று எனக்கு ஏகப்பட்ட குஷி.

வாரத்துக்கு இவ்வளவுதான் என்று பெட்ரோல் அளந்து கொடுத்த காலம் அது. யோகன் தன் கூட்டாளியின் வேனை இரவல் வாங்கி, அவனுடைய பங்கு பெட்ரோலையும் வாங்கி வந்திருந்தான். தர்சினி சேலையை மாற்றி மாற்றிக் கட்டி, கடைசியில் முதலில் கட்டியதையே கட்டினாள். நான் வழக்கம்போல முந்தானையைத் தேய்த்துப் பார்த்து நல்ல காட்டன் என்று சான்றிதழ் கொடுத்தேன். சுடுதண்ணிப் போத்தல் என்று அவர்கள் சொல்கிற ஃபிளாஸ்க் நிறைய இஞ்சி போட்ட தேத்தண்ணி, பேக்கரியில் வாங்கிய மாலு பாண், பெட்டிஸ். மாலு பாண் என்றால் மீன் வைத்த பன், பெட்டிஸ் நம்ம பஃப்ஸ் மாதிரி. அந்த வாசனை இப்போது நினைத்தாலும் வருகிறது. திருப்பூரில் எந்த பேக்கரியில் கேட்டாலும் தேங்காய் பன்னைத்தான் நீட்டுகிறார்கள்.

தென்னக்கும்புர பாலம் தாண்டியதும் யோகன் பாட்டுப் போட்டான். தலாத்துஓயா வரைக்கும் நான்தான் அதிகம் பாடினேன். அதற்கப்புறம் வளைவுகள் ஆரம்பித்து, என் பாட்டு நின்று, எலுமிச்சங்காயை முகர்ந்துகொண்டு ஜன்னலோரம் சாய்ந்துவிட்டேன். மிளகுக் கொடியும் பலாமரமுமாக இருந்த மலை, மெதுவாகத் தேயிலையாக மாறியது. குளிர் ஏறியது. தர்சினி உதட்டுக்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். யோகனின் அப்பா முகத்தைப் பார்த்து எப்படிக் கதைப்பது என்று முந்தின நாள் முழுக்க என்னிடம் ஒத்திகை பார்த்தவள்.

ஹேவாஹெட்டக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கடையில் நிறுத்தியபோது யோகனின் போனில் சிக்னல் வந்தது. டிங் டிங்கென்று அம்மாவிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். சமைக்கிற அவசரமாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவனும் தலையாட்டினான். ஆனால் அதற்கப்புறம் பாட்டைப் போடவில்லை.

மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பும் முச்சந்தியில்தான் முதலில் பார்த்தேன். மரத்துக்கு மரம் கயிறு. கயிறு நெடுக வெள்ளைக் கொடிகள். பச்சை மலையில் அந்த வெள்ளை அவ்வளவு அழகாக இருந்தது. எனக்கு வாந்தியெல்லாம் பறந்துபோய், போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டேன். கோயில் திருவிழாவா யோகன், நம்மளுக்குத்தான் வரவேற்பா என்று வேறு கேட்டேன்.

தர்சினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"சத்தம் போடாதேங்கோ அக்கா. செத்த வீடு."

எங்கள் ஊரில் சாவு என்றால் சங்கும் பறையும் முச்சந்தியில் ஃபிளெக்ஸும்தான். வெள்ளைக் கொடி என்றால் எனக்குச் சமாதானம். அங்கே அப்படி இல்லை. சாவு விழுந்த வீட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டிவிடுவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கொடி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போனால் வீடு வந்துவிடும். தர்சினி இதைக் கிசுகிசுவென்று சொல்லி முடிப்பதற்குள் வேன் முதல் கிளைரோட்டுக்கு வந்துவிட்டது. மேலே போகிற ரோடு தேயிலை ஃபேக்டரிக்கு. கீழே போகிற ரோடு எங்களுக்கு. கொடிகள் கீழே திரும்பின.

தோட்டம் பெரியது, எத்தனையோ வீடுகள் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோகன் முன்னால் பார்த்தபடியே ஓட்டினான். அடுத்த கிளை, பிள்ளையார் கோயிலடியில். கொடிகள் மறுபடியும் எங்கள் பக்கமே திரும்பின.

அந்த நேரத்திலா என் தொழில் புத்தி வேலை செய்ய வேண்டும்? வேன் ஒரு வளைவில் ஊர்ந்தபோது ஒரு கொடி ஜன்னலை உரசிக்கொண்டு போனது. கை தன்னால் நீண்டு இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தது. சாண் இடைவெளியில் மஞ்சள் எண்ணெய்க் கோடு. "யோகன், இது நம்ம துணி. நான் ரிஜெக்ட் பண்ணின லாட்" என்று என்னவோ தொலைந்த சொந்தக்காரனைக் கண்டது போலச் சொல்லிவிட்டேன்.

வேன் நின்றது. யோகன் இறங்கிப் போய்க் கொடியைப் பிடித்துப் பார்த்தான். இது அவன் வீட்டுக்கு அனுப்பிய துணிதான். அப்போதுதான் அந்தப் பைகள் எதற்கென்று எனக்குத் தெரிந்தது. அந்தத் தோட்டத்தில் யார் செத்தாலும் கொடி கட்டுவது அவன் அப்பா. கூலிக்கு இல்லை. யாரோ எப்போதோ அவர் கையில் விட்டது, அப்படியே அவருடையதாகிவிட்டது. பேச்சு நின்ற மாதங்களிலும் யோகன் துணி அனுப்புவதை நிறுத்தவில்லை, அவரும் வேண்டாம் என்று திருப்பவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர்தானே கட்டுவார், அப்படியானால் அவர் நன்றாக இருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்றேன். யோகன் கயிற்றில் இருந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா ரெண்டு சுத்து சுத்தி, நுனிய உள்ள விட்டு இழுப்பாரு மிஸ். இது அவர் முடிச்சு இல்ல."

அதற்கப்புறம் வந்த ரோடு எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. இத்தனைக்கும் அதைத்தான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். அதிர்ச்சி என்றால் தலை சுற்றும், கண் இருட்டும் என்பார்கள். எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு தேயிலைச் செடியில் யாரோ காயப்போட்டிருந்த சிவப்புத் துண்டு, தர்சினியின் சேலையில் சிந்தியிருந்த பெட்டிஸ் துகள், யோகனின் கழுத்தில் குளிரையும் மீறி வழிந்த வியர்வை. அந்த மனுஷர் மகனோடு பேசாமலே போய்விட்டாரா? வா என்று சொன்னதுதான் கடைசியா, அதுவும் அம்மா வாயால்? தர்சினி ஒரே ஒரு தடவை பேசினாள். என்னை இனி இந்த வீட்டில் எல்லாரும் எப்படி நினைப்பார்கள் என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த பதில்தான் எனக்கும் தெரிந்தது.

கடைசிக் கிளை. இடது பக்கம் யோகனின் லயம், வலது பக்கம் வேறொரு லயம். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கயிற்றையே பார்த்தோம். இடது பக்கம் திரும்பியது.

யோகன் எஞ்சினை நிறுத்திவிட்டான். அதற்கு மேல் அவனால் ஓட்ட முடியவில்லை. இறங்கி நடந்தான், நாங்கள் பின்னால் நடந்தோம். வளைவைத் தாண்டினால், ரோட்டோரத்தில் ஒரு கருங்கல்லின் மேல் ஏறி நின்று, சவுக்கு மரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். ஸ்வெட்டர், தலையில் மப்ளர், தோளில் வெள்ளைத் துணி மூட்டை. ரெண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே விட்டு இழுத்தார்.

யோகன் ஓடிப் போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. அப்படியே நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். நானும் தர்சினியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, விக்கல் எடுத்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். கல்லிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"என்னப்பா ரோட்டுல ஒக்காந்துட்ட? எந்திரி."

அத்தனை மாதத்துக்குப் பிறகு மகனிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை. அவரே மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னார். கடைசி வீட்டுப் பெரியவர் விடியற்காலையில் தவறிவிட்டார். முழங்கால் வலியால் இவரால் முச்சந்தி வரை நடக்க முடியவில்லை. அதனால் முச்சந்திப் பக்கத்தைத் தோட்டத்து இளவட்டங்களிடம் விட்டுவிட்டு, லயத்துப் பக்கம் மட்டும் இவர் கட்டுகிறார். அவர்கள் கட்டிய முடிச்சு ஒரு காற்றுக்குத் தாங்காது என்று குறை வேறு பட்டுக்கொண்டார்.

யோகனின் அம்மா சாவு வீட்டிலிருந்து தலைமுடி கலைந்து ஓடிவந்தார். இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லத்தான் அத்தனை முறை கூப்பிட்டாராம். அப்புறம் போனை வீட்டில் வைத்துவிட்டு அழப் போய்விட்டார். பிணம் எடுக்கும் வரை அந்த லயத்தில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. முதல்முதலாக வீடு தேடி வந்த பிள்ளைக்கு ஒரு வாய் தேத்தண்ணி கூடக் கொடுக்க முடியவில்லையே என்று தர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். இதுவும் ஒரு சகுனமா என்று பக்கத்தில் நின்ற பெண்கள் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

யோகனின் அப்பா துணி மூட்டையை மடித்துக்கொண்டிருந்தார். விடியலிலிருந்து வெறும் வயிறு என்று பார்த்தாலே தெரிந்தது. தர்சினி வேனுக்குப் போய்ச் சுடுதண்ணிப் போத்தலைக் கொண்டுவந்தாள். அதன் மூடிதான் கப். ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார். பிறகு வாங்கி, ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தார். குடித்துவிட்டுக் கப்பைக் கழுவத் தண்ணீர் தேடினார். தண்ணீர் இல்லை. ஸ்வெட்டர் நுனியால் விளிம்பைத் துடைக்கப் போனார். தர்சினி அதை அவர் கையிலிருந்து வாங்கி, அப்படியே தேத்தண்ணியை ஊற்றி, நின்றபடியே குடித்தாள்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மகனிடம், "கயித்த அந்தப் பக்கம் பிடி. இன்னும் நாலு மரம் இருக்கு" என்றார். யோகன் எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்தான்.

நாங்களும் போய்ச் சாவு வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பினோம். தேயிலைத் தோட்டத்தை நான் சுற்றிப் பார்க்கவேயில்லை. வழியில் அந்தக் கப் விஷயத்தைத் தர்சினியிடம் கேட்டேன். வேண்டுமென்றேதான் செய்தாயா என்றேன்.

"எனக்கும் விடாய்ச்சுது அக்கா. வேற கப் இருக்கேல்ல" என்றாள்.

தாகம் என்று அவள் சொன்னது உண்மையா பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்குள் கல்யாணம் நடந்தது. கூறைச்சேலையை மேடையிலேயே தேய்த்துப் பார்த்தேன். அவள் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முன்வரிசையில் கொஞ்சம் விறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். யோகனின் அப்பா பந்தியில் தானே நின்று அவர்களுக்குப் பரிமாறினார். பிறகு என் ஒப்பந்தம் முடிந்து திருப்பூர் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கால் வரும். சில நாள் அவரும் பின்னால் தெரிவார். "மிஸ், நீங்க கழிச்ச துணி நல்லா ஒழைக்குது" என்பார். ரிஜெக்ட் துணிக்கு அப்படி ஒரு மரியாதை கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அப்புறம் அந்த மழை. மலைநாடு முழுவதும் விடாமல் பெய்தது என்று செய்தியில் பார்த்தேன். கூப்பிட்டால் யாருக்கும் போகவில்லை. தர்சினிக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்ததால் மாமியார் கண்டியில் அவளோடு இருந்தார். மாமனார் வரவில்லை. தோட்டத்தில் ஒரு கிழவி இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், நான் இல்லாவிட்டால் கொடி யார் கட்டுவது என்று சொல்லி அங்கேயே இருந்துவிட்டார். மலை சரிந்தது. லயத்தோடு, அதில் இருந்தவர்களோடு, அந்தக் கருங்கல்லோடு, சவுக்கு மரங்களோடு போய்விட்டது. அவர் கிடைக்கவேயில்லை.

இதைத் தர்சினி போனில் சொன்னபோது, நான் கம்பெனியில் ஒரு ரோல் துணியை விரித்து வைத்து நின்றுகொண்டிருந்தேன். என் விரல்கள் பாட்டுக்கு அந்தத் துணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. நிறுத்த முடியவில்லை.

பிறகு யோகன் ஒரு வீடியோ அனுப்பினான். பேச்சில்லாத வீடியோ. முச்சந்தியிலிருந்து கொடிகள் ஆரம்பிக்கின்றன. ஃபேக்டரிக் கிளையில் கீழே திரும்புகின்றன. பிள்ளையார் கோயிலடியில் திரும்புகின்றன. ஒவ்வொரு முடிச்சும் ரெண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே விட்டு இழுத்தது. இடது பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்ததும் படம் நின்றுவிட்டது. உடனே கூப்பிட்டேன்.

"ரோடு முறிஞ்ச எடம் வரைக்கும் கட்டிட்டேன் மிஸ். அதுக்கு மேல கட்ட மரம் இல்ல."